சூத்திரத்துக்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், வாழ்த்தைச் சொல்லிவிடு. வரும் பருவத்தில் நிதியியல் அறிமுக வகுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறதாமே! எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய்.

பாடப்புத்தக வரிசையில் போகாதே. அத்தியாயத்துக்கு ஒரு சூத்திரம் வரும், பிள்ளைகள் தனித்தனியாக மனப்பாடம் செய்வார்கள், தேர்வோடு மறந்துவிடுவார்கள். நான் முதல் சில வாரங்களைப் பணத்தின் கால மதிப்புக்கே கொடுத்துவிடுகிறேன். வட்டி 10 சதவீதம் என்றால் இன்றைய 1,000 அடுத்த வருடம் 1,100. திருப்பிப் போட்டால், அடுத்த வருடம் வரும் 1,100-க்கு இன்றைய மதிப்பு 1,000. அவ்வளவுதான் அடிப்படை.

அப்புறம் பலகையில் ஒரு கடன்பத்திரம். ஒரு வருடம் கழித்து 1,100 தரும், இன்றைய விலை 1,000. "சந்தை வட்டி 12 சதவீதமாகிவிட்டது, இப்போது என்ன விலை கொடுப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பேன். வட்டி ஏறினால் விலையும் ஏறும் என்று பலர் சொல்வார்கள். யாராவது 1,100-ஐ 1.12-ஆல் வகுத்து, "982 சார்" என்பார்கள். வெளியே 12 சதவீதம் கிடைக்கும்போது இதற்கு 1,000 கொடுக்க யாருக்கு மனசு வரும்? அது பிடிபட்டுவிட்டால் பங்கு மதிப்பீடு, கடன் தவணை, திட்ட மதிப்பீடு எல்லாம் ஒரே கேள்விதான்: எவ்வளவு வரும், எப்போது வரும், எந்த அளவுக்கு நிச்சயம்?

அந்தக் கடைசிப் பகுதிக்கு, முதலீட்டைப் பிரித்துப் போடுவது பற்றிப் பொருளாதார அறிஞர் மார்கோவிட்ஸ் 1952-இல் எழுதியதைச் சூத்திரம் இல்லாமலே சொல்லலாம். ஒரு பங்கு நல்ல வருடத்தில் 30 சதவீதம் தருகிறது, கெட்ட வருடத்தில் 10 சதவீதம் இழக்கிறது. இன்னொன்று நேர் எதிர். பாதிப் பாதி வாங்கினால் எந்த வருடமானாலும் 10 சதவீதம். நிஜச் சந்தையில் இவ்வளவு கச்சிதமாக அமையாது என்பதையும் சொல்லிவிடு. ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குபவற்றை எத்தனை வாங்கினாலும் இடர் பெரிதாகக் குறையாது. இடரை எண்ணாக அளக்கும் திட்டவிலக்கம் அப்புறம் வரட்டும்.

பிள்ளைகள் தலையில் ஏறாத ஒன்று, செலவாகி முடிந்த பணம். திரும்பி வராததை முடிவில் சேர்க்காதீர்கள் என்றால் தலையாட்டுவார்கள். விடைத்தாளில் சேர்த்தே எழுதுவார்கள். பெரிய நிறுவனங்களின் நிர்வாகிகளே அப்படித்தான், இவர்களை என்ன சொல்ல!

பாடத்திட்டம் முடியாது என்று துறையில் முணுமுணுப்பார்கள். முடியாதுதான். நான் இரண்டு மூன்று தலைப்புகளைக் கூசாமல் விட்டுவிடுகிறேன். உன் பாடத்திட்டத்தை அனுப்பு, எதை வெட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்