கேலரி பிளக்கைப் பற்றிக் கேட்டவருக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

இரண்டாம் தடவையாகப் பிரித்துக் கட்டிய எங்கள் பழைய நாலு சிலிண்டர் கார் இன்ஜின் ஓடிவிட்டது. ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் ஆயில் பிரஷர் முள் எழுந்தது. சூடேறியதும் கொஞ்சம் தளர்ந்தது. ஆயில் இளகும்போது எந்தப் பழைய இன்ஜினிலும் அது நடக்கும். அதற்குக் கீழே இறங்கவில்லை. அடியிலிருந்து வந்த அந்தத் தட்டல் சத்தமும் இல்லை. நிறுத்தி, ஆயிலை இறக்கி, வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தோம். புது ரிங் படியும்போது வரும் கருஞ்சாயல் மட்டும்தான் இருந்தது. பேரிங் உலோகத்தின் மினுமினுப்பு ஒரு பொட்டுகூட இல்லை. துணி காய்வதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டோம்.

முதல் தடவை கட்டியபோது கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, அடியில் தட்டத் தொடங்கி, பேரிங் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி விரிக்க மனம் வரவில்லை. நேராக நன்றிக்கு வருகிறோம்.

ஐயா, முதலில் உங்களுக்கு. நீங்கள் வந்தது வேறு வேலையாக. போகிற போக்கில் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) மேல் குனிந்தீர்கள். நடு மெயின் பேரிங் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்குவது) உட்காரும் இடத்தில் இருக்கும் ஆயில் துளையின் வாயில் சுண்டுவிரல் நுனியை வைத்து ஒரு சுற்று சுற்றி எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தீர்கள். காதருகே கொண்டுபோய்க்கூடத் தேய்த்தீர்கள். "கேலரி பிளக்கைக் கழட்டினீங்களா?" என்று கேட்டீர்கள். பிளாக்கின் உள்ளே நீளமாக ஓடும் ஆயில் வழிக்குத்தான் கேலரி என்று பெயர், அதன் முனையை மூடியிருக்கும் அடைப்பு அந்தப் பிளக். இல்லை என்றோம். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். மறுநாள் சாயங்காலம் செய்தித்தாளில் சுற்றி ஒரு பிரஷ்ஷைக் கொண்டுவந்து, "வச்சிருங்க, அவசரமில்ல" என்று கொடுத்தீர்கள். அந்தக் கேள்வியும் அந்தப் பிரஷ்ஷும் இல்லாமல் போயிருந்தால் இரண்டாம் தடவையும் அதே கதைதான்.

அது ஏன் என்பதை இங்கே முழுதாக எழுதிவைக்கிறோம். பழைய நாலு சிலிண்டர் இன்ஜினை வீட்டிலேயே இறக்கிப் பிரித்துக் கட்டுபவர்கள் யாராவது இதைப் படிப்பார்கள்.

பம்ப் இழுக்கும் ஆயில் ஃபில்டரைத் தாண்டித்தான் பிளாக்கின் நீளவாட்டில் ஓடும் மெயின் கேலரிக்குள் நுழைகிறது. அங்கிருந்து குறுக்குத் துளைகள் வழியாக மெயின் பேரிங்குகளுக்கும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் பேரிங்குகளுக்கும் பிரிகிறது. மெயின் பேரிங்கிலிருந்து கிராங்கின் உள்ளே சாய்வாகப் போட்ட துளை வழியாக, கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்கான பிக் எண்டுக்குப் போகிறது. ஆக, கேலரிக்குள் இருக்கிற எதுவும் ஃபில்டருக்குப் பிறகு இருப்பது. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க போர் அடித்தபோது விழுந்த சீவலோ, அதன் சுவரைத் தேய்க்கும் ஹோன் கல்லின் தூளோ அங்கே தங்கிவிட்டால் அதைத் தடுக்க வழியில் ஒன்றுமே கிடையாது. முதல் ஸ்டார்ட்டிலேயே ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு நேராகப் பேரிங்கில் கொண்டுபோய் விடும். பேரிங்கின் மெத்தென்ற மேல்பூச்சு மிகச் சின்னத் துகளைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய துகள் பாதி புதைந்து பாதி வெளியே நின்று, கிராங்க் ஜர்னலில் (பேரிங்குக்குள் சுழலும் வழவழப்பான பகுதியில்) கோடு போடும். புது ஃபில்டர் போட்டிருக்கிறோமே என்ற தைரியம் இங்கே உதவாது.

பிளக்கைக் கழட்டாமல் ஒரு முனையில் காற்றடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மூடிய முனைதான் கசடு போய்ச் சேரும் இடம். பல வருட ஆயில் மண்டி அங்கே கெட்டிப்பட்டு, கறுப்புத் தார் போல ஒட்டியிருக்கும். புதுச் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். காற்று அதன் மேலாகப் போய்விடும். பிறகு ஆயில் சூடாகி மண்டி இளகும்போதுதான் எல்லாம் கிளம்பும். முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு சத்தம் போடுவது அதனால்தான்.

பிளக் இரண்டு வகை. மரை உள்ளதாக இருந்தால், சுற்றியுள்ள இரும்பைச் சூடாக்கி, மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட வேண்டும். மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டுத் திருப்பினால் பிடிவாதமான பிளக்கும் அசையும். அடித்து இறக்கிய பித்தளை பிளக் என்றால் நெம்பி எடுக்கப் பார்க்கக் கூடாது. நடுவில் பஞ்ச் வைத்து, 5 மிமீ டிரில்லால் துளைத்து, எம்6 மரை வெட்டி, நீள போல்ட்டைத் திருகி, அதன் மேல் சிறு பைப் துண்டும் வாஷரும் நட்டும் போட்டு முறுக்கினால் பிளக் தானாக மேலே ஏறி வரும். டிரில் பக்கவாட்டில் விலகிப் பிளாக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் கவனிக்க வேண்டியது. திரும்ப மூடுவதற்கு அந்தத் துளையில் மரை வெட்டி மரை பிளக் போடுவது நல்லது. அடுத்த முறை எளிதாகக் கழட்டலாம். ஆனால் வெட்டுகிற வேலை எதுவானாலும் கழுவுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கழுவி முடித்த பிளாக்கில் ஒரு மரைகூட வெட்டக் கூடாது.

இனி பிரஷ். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் உள்ளதைவிட நீளமான கம்பி, முனையில் பித்தளை இழை. கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபை இறுகச் சுற்றியிருக்கிறது. ரப்பர் வெடித்து, ஆயிலில் ஊறி, மறுபடி கெட்டியாகியிருக்கிறது. முதலில் அதைச் சாதாரண பிரஷ் என்றுதான் நினைத்தோம். கேலரிக்குள் விட்டபோதுதான் கம்பியில் அரத்தால் போட்ட மூன்று கீறல்கள் கண்ணில் பட்டன. முதல் கீறல் பிளாக்கின் முகத்தோடு சேரும்போது பிரஷ்ஷின் முனை முன் மெயினின் குறுக்குத் துளையில் நிற்கிறது. இரண்டாவது நடு மெயின். மூன்றாவது பின் மெயின். எங்களுடையது 1489 சிசி பி சீரிஸ் இன்ஜின், எம்ஜிஏ காரிலும் அம்பாசடரிலும் வந்த குடும்பம். மூன்றே மெயின் பேரிங். கீறல்கள் அச்சாகப் பொருந்தின. ஐயா, இதே இன்ஜினை நீங்கள் எப்போது, எத்தனை தடவை இறக்கினீர்கள் என்று நீங்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கீறல்களைத் தடவிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை.

கீறல் வெறும் அடையாளம் இல்லை என்பது பிளக்கைத் திரும்பப் போடும்போது புரிந்தது. மரை பிளக்கை அளவுக்கு மேல் உள்ளே முறுக்கினால் அதன் முனை குறுக்குத் துளையை மறைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அழகாக மூடியிருக்கும். உள்ளே ஒரு பேரிங்குக்கு ஆயில் பாதியாகக் குறைந்திருக்கும். முதல் கீறலிலிருந்து துளை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, பிளக்கின் நீளத்தை அதற்கேற்ப அறுத்துக்கொண்டோம். மூடிய பிறகு ஒவ்வொரு மெயின் துளையிலும் மெல்லிய கம்பியை விட்டுத் தடையில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மரையில் டேப் சுற்றக் கூடாது. அதன் நூல் பிய்ந்து கேலரிக்குள் போகும். மரைப் பசையைத் துளியளவு, வெளி மரைகளில் மட்டும் தடவினால் போதும்.

கழுவுவதற்குச் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும்தான். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பிசுக்கைக் கரைக்கும், ஹோன் தூளை எடுக்காது. இரண்டு முனையிலிருந்தும் பிரஷ் போட்டு, குறுக்குத் துளை ஒவ்வொன்றையும் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, கண்ணாடி அணிந்துகொண்டு காற்றடிக்க வேண்டும். வெறும் இரும்பு சில நிமிடங்களிலேயே துருச் சிவப்பு காட்டத் தொடங்கும் என்பதால், காற்றடித்த கையோடு ஆயில் பூச வேண்டும். பிறகு ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் சிலிண்டர் சுவரைத் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகக் கூடாது. சாம்பலாகிவிட்டால் மறுபடி சோப்பு. எங்களுக்கு நான்காம் முறைதான் துணி வெள்ளையாக வந்தது. கிராங்கையும் விட்டுவிடக் கூடாது. சுழற்சியின் வேகத்தில் கனமான கசடு கிராங்கின் துளைகளுக்குள்ளேயே ஒதுங்கித் தங்கும். கிரைண்டிங் தூளும் அங்கேதான் போய் ஒளியும். சாய்வுத் துளை ஒவ்வொன்றிலும் இருபக்கமும் பிரஷ் போக வேண்டும். உங்கள் பிரஷ்ஷின் இழை அங்கேயும் போனது, ஐயா.

மற்றவர்களைத் தனித்தனியாகச் சொன்னால் இடம் போதாது, ஆனால் ஒருவரையும் மறக்கவில்லை. மைக்ரோமீட்டரை வாரக்கணக்கில் எங்களிடமே விட்டுவைத்த தம்பி. ஜர்னலின் விட்டத்தில் 50 மிமீக்கு 0.05 மிமீ அளவுக்கு ஆயில் இடைவெளி என்ற பொதுக்கணக்கை முதலில் சொன்னவர் அவர்தான். அந்த இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் இழையை நசுக்கும்போது கிராங்கைத் துளியும் திருப்பக் கூடாது என்று பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டதும் அவரே. 73 மிமீ போருக்கு ரிங் வாய் (பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) 0.3 மிமீ பக்கம் இருக்க வேண்டும், அளக்கும் முன் பிஸ்டனைத் தலைகீழாக வைத்து ரிங்கை நேராகத் தள்ள வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிய அண்ணன். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும், நடு மெயினின் திரஸ்ட் வாஷரில் ஆயில் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் கண்டுபிடித்த அக்கா. ஒன்று திருப்பிப் போடப்பட்டிருந்தது, பேரிங் கேப்பை முறுக்குவதற்குள் அவர் பார்த்துவிட்டார். டேப்பட் இடைவெளிக்கு (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடம்), இரண்டு எண்ணையும் கூட்டினால் ஒன்பது வரும் ஒன்பதுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர்: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய், ஏழு திறந்தால் இரண்டு, ஆறு என்றால் மூன்று. மேனுவலின் கிழிந்த பக்கங்களைக் கையால் எழுதித் தந்தவர். பிளாக்கைத் தூக்க முதுகு கொடுத்த நால்வர். புதுக் கேமும் டேப்பட்டும் பழக, ஸ்டார்ட் ஆனதிலிருந்து இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்ட வேண்டியிருந்தது. அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தார். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டிவிட்டு, பம்பை ஆயிலால் நிரப்பி, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாகச் சுற்றினோம், இடையில் ஆறவிட்டு. கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்குக்குப் பாரமில்லை. முள் எழும்வரை அப்படித்தான் சுற்ற வேண்டும். ஆறாவது தடவை முள் அசைந்தது. ராக்கர் கவரைத் திறந்து வைத்திருந்தோம். சில நொடி கழித்து ராக்கர் ஷாஃப்டின் கடைசித் துளையில் ஆயில் முத்தாகத் திரண்டு, வழிந்து, புஷ் ராட் வழியாகக் கீழே இறங்கியது. கேலரி முழுவதையும் கடந்துதான் அது அங்கே வந்திருக்க வேண்டும். அதைப் பார்த்த நிமிஷத்தில் உங்களைத்தான் நினைத்தோம், ஐயா.

இன்னும் வேலை இருக்கிறது. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹெட் நட்டுகளை வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தளர்த்தி மறுபடி டார்க் (முறுக்கும் அளவு) பார்க்க வேண்டும், அதோடு டேப்பட்டையும். அதையெல்லாம் தேதி போட்டுக் குறித்துவைத்திருக்கிறோம்.

பிரஷ்ஷைத் திருப்பித் தர வந்தோம். "யாராவது இறக்கினா குடுங்க" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டீர்கள். அப்படியே செய்கிறோம். கழுவி, காயவைத்து, ஆயில் பூசி, அதே செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறோம். பிளாக்கை போர் அடிக்க அனுப்பப் போகிற யாராக இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள், கொண்டுவந்து தருகிறோம். நாங்கள் கேட்கப் போவது ஐயா கேட்ட அந்த ஒரே கேள்வியைத்தான். உங்கள் இன்ஜினில் மெயின் துளைகள் வேறு ஆழத்தில் இருந்தால் கம்பியின் மறுபக்கத்தில் உங்கள் கீறல்களைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் மட்டும் அரத்தால் தேய்த்துவிடாதீர்கள்.