தந்தவர்களுக்கும் தர மறுத்தவர்களுக்கும்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை எட்டு உருப்படிகளாக எடுத்துக்கொண்டு, நாங்கள் நால்வர் சேர்ந்து உருவாக்கிய மின்னிசைத் தொகுப்பு நிறைவு பெற்றுவிட்டது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆறு இறங்கிவரும் வரிசையிலேயே உருப்படிகளும் அமைந்துள்ளன. தொகுப்பின் உறையில் எங்கள் பெயர்களே பெரிதாகத் தெரியும் என்றாலும், அதில் ஒலிப்பவற்றில் பெரும்பகுதி பிறர் தந்தது. ஒலிக்காமல் விடப்பட்டவற்றில் சில பிறர் தர மறுத்தது. இரு சாராருக்கும் எழுத்தில் நன்றி சொல்வதே முறை என்று கருதி இம்மடலை வரைகிறோம்.

"இதில் பாட்டு எங்கே?" என்று கேட்கத் தோன்றும் வகை இசை இது என்பதை நாங்கள் அறிவோம். அப்படிக் கேட்காமல், 1948-இல் பாரிசில் பியர் ஷெஃபர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ரயிலின் ஓசைகளை வெட்டி ஒட்டி இசையாக்கிய கதையையும், 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர், மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் மூக் சின்தசைசரை நிறுவித் தர, இசைக்கலைஞர் கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் இசையமைத்த கதையையும் எங்களுக்கு எடுத்துச் சொல்லி, இது நம் நாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வயதான முயற்சி என்று தெளிவுபடுத்திய பாளையங்கோட்டைப் பேராசிரியருக்கு முதல் வணக்கம்.

கோடைமேலழகியான் உருப்படி ஒரு மின்மாற்றியின் ரீங்காரத்தில் தொடங்குகிறது. 1944 முதல் பாபநாசத்தில் ஆற்று நீர் மின்சாரமாகிறது. அந்த ஆற்றைப் பற்றிய இசைக்கு மின்சாரத்தின் குரலே சுருதியாகட்டும் என்று முடிவு செய்திருந்தோம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்றாலும், மின்மாற்றியின் இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை அதிர்வதால் காதில் விழுவது 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு அதிர்வு, என்பதை விளக்கியவர், விக்கிரமசிங்கபுரத்தைச் சேர்ந்த, மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். அந்த 100 ஹெர்ட்ஸைக் கீழ் ஸ்தாயியின் 'ப'வாக, அதாவது மந்தர பஞ்சமமாகக் கொண்டால், பாட்டுக்கு அடிப்படையான 'ஸ', அதாவது ஆதார சட்ஜம், ஒரு கட்டைச் சுருதிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வில்லுப்பாட்டுக் கலைஞரான அண்ணாச்சி, சுருதிப்பெட்டியையும் ரீங்காரத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, "சுருதி ஆடுது தம்பி" என்றார். அளந்து பார்த்தபோது மின்சாரத்தின் அதிர்வெண் 50-க்குக் கொஞ்சம் மேலும் கீழுமாக நாள் முழுவதும் அலைவது தெரிந்தது. அதன் பிறகு அண்ணாச்சியின் குரலை நிலையாக வைத்து, ரீங்காரத்தைக் கணினியில் அவருக்கு இணங்க வளைத்தோம். தொகுப்பு முழுவதும் அதே முறைதான். எந்த இடத்திலும் மனிதரை இயந்திரத்துக்கு ஒத்துப் பாடச் சொல்லவில்லை.

அவருடைய குழுவின் குடத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். குடத்தின் வாயில் தட்டும்போது உள்ளிருக்கும் காற்று மொத்தமாக அதிர்ந்து எழுப்பும் அடித்தொனியை, எங்களிடமிருந்த விலையுயர்ந்த சின்தசைசரில் எவ்வளவு முயன்றும் கொண்டுவர இயலவில்லை. குடத்துக்குள் சிறிய ஒலிவாங்கியை இறக்கவும், வில்லின் உடலில், அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பீசோ தகடு ஒட்டவும் அவர்கள் அனுமதித்தார்கள். வில்லில் கட்டிய மணிகளின் ஓசை மரத்தின் வழியாக வரும்போது, வெளியே கேட்பதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு முணுமுணுப்பாக மாறியிருந்தது. நதியுண்ணி உருப்படியில் நீங்கள் கேட்கப்போவது பெரும்பாலும் அதுதான். அழைப்பு மணிக்கு வைத்திருந்த அந்தப் பீசோ தகடுகளைக் கை நிறைய எடுத்துக் கொடுத்து, பற்றவைக்கவும் கற்றுத்தந்த திருநெல்வேலி சந்திப்புக் கடைக்காரருக்கும் எங்கள் கடன் உண்டு.

பத்தமடையில் பாய் நெய்யும் அக்காமார், தறியில் அச்சு வந்து கோரையை நெருக்கும் ஓசையைப் பதிவுசெய்யப் பொறுமையுடன் இடம் கொடுத்தார்கள். அந்த ஓசையைச் சில பத்து மில்லிவிநாடித் துணுக்குகளாக நறுக்கி மறுபடி அடுக்கியதே கன்னடியன் உருப்படி. மடையை முழுதாகத் திறந்தால் வெறும் இரைச்சல்தான், பாதி இறக்கினால்தான் தண்ணீருக்குத் தொனி வரும் என்று சொல்லிக்கொடுத்த அரியநாயகிபுரத்துப் பெரியவர் இல்லையென்றால் நீருக்கடியில் நாங்கள் இறக்கிய ஒலிவாங்கி வீணாகியிருக்கும். சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய் நகருக்குள் வருவதால், "நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைச் சேர்க்கவில்லையா?" என்று பலர் கேட்டார்கள். அந்தக் கற்கள் போதுமான அளவு தட்டப்பட்டுவிட்டன என்பது எங்கள் எண்ணம். கடைத்தெருவின் கூவல்களே அங்கே போதுமானவையாக இருந்தன. மருதூரில் மேலக்கால், கீழக்கால் என இரண்டு கால்கள் பிரிவதைப் போல அந்த உருப்படியின் ஒலியும் இடக்காதுக்கும் வலக்காதுக்குமாகப் பிரிகிறது; அதை ஹெட்போனில் கேட்க வேண்டுகிறோம்.

இனி, மறுத்தவர்கள். பழவூர் உருப்படிக்காக, கோயில் கொடைகளில் ஆடிப் பாடும் கணியான் கூத்துக் கலைஞர்களிடம் சென்றோம். அவர்களுடைய மகுடம் என்னும் வட்டப் பறையின் தோலை நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்த்துத் தட்டும் ஓசைகளைத் தாராளமாகப் பதிவுசெய்யவிட்டார்கள். ஆனால் சுடலைமாடன் கொடையில் சாமி இறங்கும் நேரத்து அடியை மட்டும், கோயிலில் அல்லாமல் வேறெங்கும் அடிப்பதில்லை என்று பணிவாக மறுத்துவிட்டார்கள். டிரம் மெஷினில் அதைப் போலச் செய்துகொள்ளலாமே என்று எங்களில் ஒருவர் சொன்னதும், மற்ற மூவரும் அதற்கு உடன்படாததும் எங்களுக்குள் நடந்த நீண்ட விவாதம். இப்போது அந்த அடி வரவேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. கேட்பவர் பதிவில் பழுது என்று நினைக்கக்கூடும், பழுதன்று.

இரண்டாவது மறுப்பு ஸ்ரீவைகுண்டத்தில். 2023 டிசம்பர் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த நாட்களில், ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிய பயணிகளுக்கு அருகிலுள்ள புதுக்குடி மக்கள் உணவு சமைத்துக் கொடுத்ததை எல்லோரும் அறிவோம். எட்டாவது உருப்படியை அந்த வெள்ளத்தின் பேரிரைச்சலாக அமைக்க வேண்டும் என்று எல்லா அதிர்வெண்களும் ஒருசேரக் கலந்த 'உஸ்' என்ற வெண்ணிரைச்சலை அடுக்கடுக்காகச் சேர்த்து வைத்திருந்தோம். அதைக் கேட்ட அப்பகுதி ஆச்சி ஒருவர், "அந்தச் சத்தம் இங்க யாருக்கும் வேண்டாம்யா, சோறு பொங்குன சத்தத்தப் போடு" என்றார். தம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பதிவுசெய்யவும் இடம் தந்தார். எனவே அணைகளைப் பற்றிய இத்தொகுப்பின் கடைசி உருப்படியில் ஒரு துளித் தண்ணீர்ச் சத்தமும் கிடையாது, உலை கொதிப்பதைத் தவிர. எட்டில் சிறந்தது அதுவே என்பதில் நாங்கள் நால்வரும் ஒத்த கருத்துடையோம்.

ஒலி தந்த ஒவ்வொருவருக்கும், வெட்டாத மூலப் பதிவின் படி ஒன்றை நேரில் கொண்டுவந்து தருவோம். விற்பனையில் கிடைக்கும் தொகையில் கலைஞர்களுக்குரிய பங்கு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டபடி வந்து சேரும். தம் குரலோ ஓசையோ இடம்பெற வேண்டாம் என்று யாரேனும் இப்போது கருதினால், வெளியீட்டுக்கு முன் ஒரு சொல் சொல்லுங்கள், காரணம் கேட்காமல் எடுத்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
தொகுப்பின் இசைக்கலைஞர்கள் நால்வர்,
திருநெல்வேலி.