சீட்டு எழுதும் முன் வயதைக் கேளுங்கள்: செட்டிநாட்டு கிளினிக்குகளுக்கும் லேப்களுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கிளினிக்கும் லேப்பும் நடத்துகிறவர்களுக்கும், சிவகங்கை மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கும் வணக்கம். இதே வட்டாரத்தில் வேலை பார்க்கும் மகளிர் மருத்துவர்கள், செவிலியர்கள், லேப் டெக்னீஷியன்கள், மருந்தாளுநர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய தடுமாற்ற ஆண்டுகளில் ஹார்மோன் பரிசோதனை இங்கே தலைகீழாக நடக்கிறது. 47 வயது ஆச்சி ஒருவர், "மாசம் முன்னப்பின்ன வருது, ராத்திரி வேர்த்து ஊத்துது" என்று சொன்னால் போதும், எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்; சினைப்பை ஓய ஓய ஏறும்), எல்.எச்., ஈஸ்ட்ராடயால் (முக்கிய ஈஸ்ட்ரோஜன்), புரோலாக்டின், ஏ.எம்.எச். என்று ஹார்மோன்கள் எல்லாம் அடங்கிய பேக்கேஜ் சீட்டு கைக்கு வந்துவிடும். அவருக்கு அதில் ஒன்றுகூடத் தேவையில்லை. 36 வயதுப் பெண் நாலு மாதமாகத் தூரமாகவில்லை என்று வந்தால், "வெயில், டென்ஷன், சரியாயிடும்" என்று சத்து மாத்திரையோடு அனுப்பப்படுகிறார். பரிசோதனை கட்டாயம் வேண்டியவர் அவர்தான்.

45 தாண்டியவருக்கு ஏன் வேண்டாம்? இந்த ஆண்டுகளில் சினைப்பை ஒரேயடியாக ஓய்வதில்லை. நின்று நின்று ஓடுகிற பழைய மோட்டார் மாதிரி. இன்று 8 காட்டும் எஃப்.எஸ்.எச். அடுத்த மாதம் 35 காட்டலாம், அதற்கடுத்த மாதம் மறுபடி 10-க்கு இறங்கலாம். ஈஸ்ட்ராடயால் சில மாதங்களில் வழக்கத்தைவிட ஏறியே நிற்கும். ஆகவே ஒரு நாள் எடுத்த ரத்தம் அந்த ஒரு நாளைத்தான் சொல்லும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2015-லேயே, 45-க்கு மேற்பட்டவரிடம் அறிகுறியைக் கேட்டே முடிவு செய்யுங்கள், எஃப்.எஸ்.எச். பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. பணம் வீணாவதுகூடப் பெரிதில்லை. "எல்லாம் நார்மல்" என்று வரும் ரிப்போர்ட்தான் ஆபத்து. அதைக் காட்டியதும் அறிகுறி மனப்பிரமை ஆகிவிடுகிறது. படபடப்புக்கு ஈ.சி.ஜி., பிறகு எக்கோ, கடைசியில் தூக்க மாத்திரை என்று அவர் அலைகிறார்.

கேட்க வேண்டியது எளிது. கடைசி ஆறு முறை தூரமான தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வரச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இடைவெளிகள் 7 நாளோ அதற்கு மேலோ வேறுபட்டு, அது திரும்பவும் நடந்தால் தடுமாற்றம் தொடங்கிவிட்டது. 60 நாளோ அதற்கு மேலோ வராமல் இருந்தால் பின்கட்டம். இடையில் எதுவும் வராமல் 12 மாதம் முழுதாகக் கடந்தால்தான் மெனோபாஸ். வெக்கை எப்படி வருகிறது என்றும் கேளுங்கள். நெஞ்சில் கிளம்பி முகத்துக்கு ஏறி, சில நிமிடத்தில் வேர்வையோடு அடங்குவது இதன் குணம். விறகடுப்பின் முன் நிற்கும் சமையல்காரருக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் இருப்பவருக்கும் சித்திரை வெயிலில் இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. விசிறிக்குக் கீழே படுத்திருக்கும்போது விடியற்காலையில் வருகிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கேட்க மறக்கும் இன்னொரு கேள்வி உண்டு. கொப்புடையம்மன் திருவிழாவுக்கோ முத்துமாரியம்மன் பால்குடத்துக்கோ வீட்டுப் படைப்புக்கோ தள்ளிப்போடும் மாத்திரை போட்டாரா? அந்த மாத்திரையான நார்எத்திஸ்டிரோன் 5 மி.கி. இங்கே சீட்டில்லாமலே கைமாறுகிறது. அதை நிறுத்தி வரும் கண்டபடி உதிரப்போக்கைத் தடுமாற்றம் என்று எழுதிவிடுகிறோம். அது உடம்பில் இருக்கும்போது எடுத்த எஃப்.எஸ்.எச். எண்ணும் செல்லாது. தள்ளிப்போடத் தரும் அளவில் அதில் ஒரு பங்கு எத்தினைல் ஈஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால், முன்பு காலில் ரத்தக்கட்டு வந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. மருந்துக் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, பரிசோதனை வேண்டியவர்கள். 40 முதல் 45 வரை அறிகுறியும் சுழற்சி மாற்றமும் சேர்ந்திருந்தால் எஃப்.எஸ்.எச். பார்க்கலாம். 40-க்குக் கீழே நாலு மாதம் வரவில்லை அல்லது கண்டபடி வருகிறது என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), புரோலாக்டின். தூரமாகிறவருக்கு 2 முதல் 5-ஆம் நாளுக்குள் ரத்தம் எடுங்கள். வராதவருக்கு எந்த நாளும் சரி. எஃப்.எஸ்.எச். 25-ஐத் தாண்டினால் சினைப்பை முன்கூட்டியே ஓய்கிறது என்று சந்தேகிக்கலாம். ஐயம் இருந்தால் 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உறுதியானதும் குரோமோசோம் பரிசோதனைக்கும் எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கும் அனுப்புங்கள். இவர்களுக்கு ஹார்மோன் மருந்து வெக்கைக்கான வைத்தியம் மட்டும் இல்லை. இயற்கையாக நிற்கும் வயது வரை எலும்பையும் இதயத்தையும் காக்க அது வேண்டும். அப்போதும் சிலருக்குத் தானாகவே கரு தங்கும் என்பதால் "இனி குழந்தையே இல்லை" என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

லேப் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. முடி கொட்டுகிறது என்று இந்த வயதில் பாதிப்பேர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறார்கள். 5, 10 மி.கி. அளவில் அது பல கருவிகளின் ரசாயன முறையைக் குழப்பி, எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். இரண்டையும் பொய்யாகக் குறைத்தும் ஈஸ்ட்ராடயாலைப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் எடுங்கள்.

45 தாண்டியவருக்கு எதுவுமே பார்க்க வேண்டாம் என்பதில்லை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு), டி.எஸ்.எச்., சர்க்கரை, ரத்த அழுத்தம் இவை போதும். அசதியும் படபடப்பும் முடி உதிர்வும் தைராய்டாலும் வரும், ரத்தசோகையாலும் வரும். ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் சோகை. 12 இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே கிடந்தால் இருப்பு தீர்ந்துவிட்டது. இரும்பு மாத்திரை கொடுக்கும்போது காபிக்கும் அதற்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் விடச் சொல்லுங்கள். டிகாக்‌ஷன் இரும்பை உறிஞ்ச விடாது. உளுந்தங்களியும் கும்மாயமும் நல்ல சாப்பாடுதான், ஃபெரிட்டினை அவை நிரப்பாது.

அதிக உதிரப்போக்குக்குக் கர்ப்பப்பையை எடுப்பதில்தான் எங்களுக்கு மிகுந்த வருத்தம். 45 வயதுக்கு மேல் கண்டபடி போக்கு இருந்தால் முதலில் கர்ப்பப்பையின் உட்சவ்வுத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை, உடல் பருமன், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உள்ளவருக்கு அந்த வயதுக்கு முன்னரே. புற்று இல்லையென்றால் போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் தினம் 3 வேளை, போக்கு மிகும் நாள்களில் 4 நாள் வரை. அடுத்தது கர்ப்பப்பைக்குள் வைக்கும் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஹார்மோன் வளையம். அது போக்கைக் குறைக்கும், கருத்தடையாகும், பின்னால் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கர்ப்பப்பைக்குக் காவலும் ஆகும். இவ்வளவும் இருக்க, "எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு" என்று சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் 41 வயதுப் பெண் ஒரே நாளில் மெனோபாஸுக்குள் தள்ளப்படுகிறார். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலங்கள் அதை ஏற்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதில் சொன்ன மாவட்டக் கண்காணிப்புக் குழு இங்கே கூடும் நாளை மருத்துவமனைகளுக்கு அறிவியுங்கள்.

வெக்கையும் தூக்கமின்மையும் வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் ஹார்மோன் மருந்து கொடுக்கலாம். மார்பகப் புற்று வந்தவர், காரணம் தெரியாத போக்கு உள்ளவர், கல்லீரல் நோய் முற்றியவர், அண்மையில் ரத்தக்கட்டோ மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர் இவர்களுக்கு வேண்டாம். ஈஸ்ட்ராடயால் ஜெல் 0.75 மி.கி.யில் தொடங்கி, மூன்று மாதத்தில் பார்த்துத் தேவையென்றால் 1.5 ஆக்கலாம். உடல் பருமனோ ஒற்றைத் தலைவலியோ உள்ளவருக்கு மாத்திரையைவிட ஜெல் மேல். வழக்கமான அளவில் ரத்தக்கட்டு அபாயத்தை அது கூட்டுவதாகத் தெரியவில்லை. குளித்துத் துவட்டிய பின் மேல்கையிலோ தொடையிலோ தடவி, காய விட்டு, கையைக் கழுவ வேண்டும். மார்பில் தடவக் கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் அன்று எண்ணெய்ப் பிசுக்கு போகாத தோலில் தடவினால் உள்ளே இறங்கும் அளவு மாறும்.

கர்ப்பப்பை உள்ளவருக்கு ஜெல்லோடு மைக்ரோனைஸ்டு புரொஜெஸ்டிரோன் 200 மி.கி. மாதத்தில் 12 இரவு, படுக்கும் முன். அதிகம் பிசகுவது இங்கேதான். கேப்சூல் மயக்கமாக இருக்கிறது என்று அதை மட்டும் நிறுத்திவிட்டு, சுகமாக இருக்கிறது என்று ஜெல்லைத் தொடர்கிறார்கள். புரொஜெஸ்டிரோன் துணையில்லாத ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பை உட்சவ்வைத் தடிக்க வைத்துப் புற்றுக்கு வழி விடும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதுங்கள், ஒன்றில்லாமல் மற்றதை விற்காதீர்கள். இது கருத்தடை இல்லை என்றும் சொல்லுங்கள். 50-க்குள் கடைசியாகத் தூரமானவருக்கு இரண்டு ஆண்டும், 50-க்கு மேல் ஓராண்டும் கருத்தடை வேண்டும். பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் மட்டும் இருப்பவருக்கு ஈஸ்ட்ரியால் கிரீம் அரை கிராம், இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரு முறை போதும்.

"ஹார்மோன்னா கேன்சர் வரும்" என்று மறுப்பவர்கள் சொல்வது 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வை. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோனும். ஆண்டுக்கு 10,000 பேருக்கு 30 ஆக இருந்த மார்பகப் புற்று 38 ஆனது. அந்த எட்டை மறைக்க வேண்டாம்; இந்த மருந்தும் இந்த வயதும் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இரண்டு. அரசு மருந்தகங்களில் ஈஸ்ட்ராடயாலும் மைக்ரோனைஸ்டு புரொஜெஸ்டிரோனும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் 2021 முதல் வீடு தேடி வருகிற தன்னார்வலர்கள், 35 முதல் 50 வரையுள்ள பெண்களிடம் "கடைசியா எப்ப தூரமானீங்க?" என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

கிளினிக்குகளிடம் கேட்பது சீட்டில் மூன்று கட்டம்: வயது, கடைசியாகத் தூரமான தேதி, இப்போது போடும் மாத்திரைகள். அவை நிரம்பாத ஹார்மோன் சீட்டு வந்தால் எங்களில் லேப்பில் இருப்பவர்கள் ரத்தம் எடுக்கும் முன் எழுதியவருக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். கட்டம் போட்ட சீட்டு வேண்டுவோருக்குத் தமிழிலேயே அச்சடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார மகளிர் மருத்துவர்கள், செவிலியர்கள், லேப் டெக்னீஷியன்கள், மருந்தாளுநர்கள்