விடுதியைப் பூட்டினால் இவர்கள் எந்த ஊருக்குப் போவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை வந்தால் கட்-ஆஃப், கவுன்சலிங் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். சரி, ஹோமில், அதாவது ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தில், வளர்ந்த பிள்ளைகள் சேர்ந்த பிறகு என்ன ஆகிறார்கள் என்றும் கொஞ்சம் எழுதுங்களேன். கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், அதனால் கேட்கிறேன்.

சேரும்போதே சாதிச் சான்றிதழில் இழுபறி. இ-சேவை மையத்தில் வரிசையே பார்த்துக்கொண்டிருக்க, "அப்பா பேரு சொல்லும்மா" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்லும்? பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, அரசோ அரசு அங்கீகரித்த இல்லமோ வளர்க்கும் ஆதரவற்ற பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்கே பல நேரம் தெரிவதில்லை. (பதினொரு வயதில் இழந்தால் அதில் வராது, அது என்ன கணக்கோ.)

பிளஸ் டூ முடிக்கும்போது பதினேழு, முதல் வருஷத்திலேயே பதினெட்டு ஆகிவிடும், ஹோமை விட்டு வெளியே வர வேண்டும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அதற்கப்புறமும் 21 வயது வரை, அதன் விதிகள் தேவைப்பட்டால் 23 வரை, பிற்காப்பு உதவிக்கு வழி வைத்திருக்கின்றன. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். ஆனால் எப்போது, யாரிடம் விண்ணப்பிப்பது என்று ஹோமை விட்டுக் கிளம்பும் முன்பே சொல்லி அனுப்ப வேண்டாமா? அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும், வாடகைக்கு ஆகாது.

பெரிய தொல்லை லீவுதான். தீபாவளி, பொங்கல், அப்புறம் மே மாதம், விடுதியைப் பூட்டிவிட்டு "எல்லாரும் ஊருக்குப் போங்க" என்கிறார்கள். காப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன், சமையல்காரருக்கும் வீடு வாசல் இருக்கிறதே. போன பொங்கலுக்கு ஒரு பையன் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதலாளி விட்ட மாடி அறையில் பண்டல்களுக்கு நடுவே படுத்துக்கொண்டான். காலேஜ் திறந்தும் வரவில்லை, படுக்க இடம் தந்த கடையை எப்படி விடுவான்? வருகைப் பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று எழுதி முடித்தாகிவிட்டது.

2004 சுனாமியில் அநாதையான பிள்ளைகளுக்காக அரசே காப்பகம் தொடங்கிய ஊர் இது, முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு அரசு விடுதிகளையாவது லீவிலும் சோற்றோடு திறந்து வைக்கட்டும். ஒவ்வொரு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐயிலும் இவர்களுக்கென்று ஒரு ஆசிரியரை நியமித்து, கார்டியன் கையெழுத்தை அவரே போடலாம் என்று உத்தரவு போடட்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு சேர்க்கை நாட்களில் பிற்காப்பு உதவி விண்ணப்பத்தோடு கல்லூரிக்கே வரட்டும். கலெக்டர் ஏப்ரல் தேர்வு முடிவதற்குள் கையெழுத்திட்டால் இந்த மே லீவுக்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.