வேலிப் பொட்டுக்குப் பரிசு தந்தவர்களுக்கு

சிறுவர் இலக்கிய நூற்பரிசுத் தெரிவுக் குழுவில் இருந்த ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும் வணக்கம்.

'வேலிப் பொட்டு' என்ற என் படக்கதைப் புத்தகத்துக்கு நீங்கள் பரிசு தந்த விழா முடிந்து இன்றோடு பதினொரு நாள். மேடையில் ஒலிவாங்கியைக் கையில் தந்தபோது நன்றி என்ற ஒரு சொல்லுக்கு மேல் எனக்கு வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன், அதுதான் இந்த மடல். உங்களுக்குத் தனிக் கடிதமாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்கென்று கதையும் பாட்டும் எழுதி, அச்சில் போட வழியில்லாமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிற கனபேரை எனக்குத் தெரியும், எங்கள் பாடசாலையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் எல்லோருக்கும் தெரியவே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு வரிக்கு நன்றி. பரிசுக் கடிதத்தோடு உங்கள் மதிப்பீட்டுக் குறிப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். 'பொட்டு' என்ற சொல்லை மாற்றாமல் விட்டது நல்லது, எங்கள் பிள்ளைகள் புழங்குகிற சொல் அவர்களுடைய புத்தகத்திலும் இருக்கட்டும் என்று அதில் இருந்தது. கேடயத்தை அம்மா சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இந்தத் தாளை நான் பொலித்தீன் உறையில் போட்டு எழுதுகிற மேசையில் வைத்திருக்கிறேன்.

வெளியில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் வளவைச் சுற்றிக் கிடுகு வேலி, இல்லையென்றால் பனையோலை வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று தழைக்கிற தடிகளைக் கதியாலாக நட்டு, அதில் ஓலையை வைத்து வரிந்து கட்டுவது. படலையால் போய் ஒழுங்கையைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குப் போக நேரமாகும் என்று, இரண்டு வளவுக்கும் நடுவில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு வேலியில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அதுதான் பொட்டு. கறிக்கு உப்பில்லை என்றால் பொட்டுக்குள்ளால், கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக்கரண்டி வாங்கப் பொட்டுக்குள்ளால், சுகமில்லாத ஆளுக்குக் கஞ்சியும் பொட்டுக்குள்ளால். இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு வந்தால் முதலில் அடைபடுவதும் பொட்டுத்தான். என் கதையில் ஒரு மறியாடு அதற்குள்ளால் போய்ப் பக்கத்து வளவுக் கத்தரிக் கன்றுகளைத் தின்றுவிடுகிறது, பெரியவர்கள் பொட்டை அடைத்துவிடுகிறார்கள், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதை எப்படித் திறக்க வைக்கிறார்கள் என்பதுதான் 24 பக்கமும். இப்போது எங்கே பார்த்தாலும் மதில். என் வகுப்பில் இருக்கிற 31 பிள்ளைகளில் ஆறு பேர் வீட்டில்தான் இன்னும் ஓலை வேலி இருக்கிறது, மற்றவர்களுக்குப் பொட்டைக் கரும்பலகையில் கீறித்தான் காட்டினேன்.

கையெழுத்துப் பிரதியை முதலில் ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தேன், பெயர் வேண்டாம். நாலு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. பொட்டு என்றால் நெற்றியில் வைப்பது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள், 'வேலியில் ஓட்டை' என்று மாற்றுங்கள், ஒழுங்கையைத் தெரு ஆக்குங்கள், படலையைக் கேற் ஆக்குங்கள், அப்போது எல்லா இடத்திலும் விற்கலாம் என்று சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, விற்பனையைப் பார்க்க வேண்டிய ஆள். நானும் ஓர் இரவு முழுக்க இருந்து மாற்றிப் பார்த்தேன். ஓட்டை என்றால் பழுதாகிப் போனது, அடைக்க வேண்டியது. பொட்டு என்றால் இரண்டு வீட்டுக்காரரும் மனம் ஒத்து விட்டது. ஓட்டை என்று எழுதியவுடன், பெரியவர்கள் அடைத்தது சரிதானே என்று ஆகிவிடுகிறது, பிள்ளைகள் கேட்பதில் நியாயமே இல்லாமல் போகிறது. விடியவிடிய எல்லாவற்றையும் பழையபடி எழுதினேன். ஆனாலும், படித்தவர்கள் இதைப் பார்த்துக் கொச்சை என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் அச்சாகும் வரைக்கும், அச்சான பிறகும் இருந்தது. உங்கள் இரண்டு வரியைக் கண்ட அன்றுதான் அது இறங்கியது.

இந்தக் கதை என்னுடையது என்று சொல்லப் பாதி உரிமைதான் எனக்கு. 1995 ஒக்ரோபர் 30, போர் நெருங்கி வர வலிகாமத்துச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட அந்த இரவு எனக்கு ஒன்பது வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தோம், அம்மம்மாவின் சேலைத் தலைப்பை முறுக்கி என் கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டிருந்தார்கள். தென்மராட்சியில் ஒரு வீட்டில் ஏழு குடும்பம். மண்ணெண்ணெய் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கு ஒன்றுதான் எல்லோருக்கும், அதையும் சாப்பாடு முடிந்தவுடன் அணைத்துவிடுவார்கள். அந்த இருட்டில் அம்மம்மா ஏழு வீட்டுப் பிள்ளைகளையும் பாயில் வரிசையாகப் படுக்க வைத்துக் கதை சொல்லுவார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று நாங்கள் அழுவோம் என்பதற்காக எங்கள் வளவையே கதையாக்கிவிட்டார், கிணற்றுத் துலா கதைக்கும், ஆடு கதைக்கும், பொட்டுக்கு அங்கால் இருக்கிற மாமி வீட்டு நாய் கோள் சொல்லும். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது ஓலையெல்லாம் உக்கிக் கிடந்தது, கதியால்கள் தழைத்து ஆளுயரத்துக்கு மேலே நின்றன, எது வேலி எது பொட்டு என்று தெரியவில்லை. அம்மம்மா கையால் தடிகளைத் தடவிக்கொண்டே போய், "இந்தா, இதுதான்" என்று ஓர் இடத்தில் நின்றார். புத்தகத்தின் கடைசிப் படம் அந்தக் கைதான்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேடையில் என் பெயரை மட்டும்தான் கூப்பிட்டீர்கள். இது குறையாக இல்லை, விண்ணப்பப் படிவத்தில் ஓவியருக்கென்று ஓர் இடம் இருக்கவில்லை, நானும் எழுதவில்லை, அது என் பிழையும்தான். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்குப் பாதிக் கதை படத்தில்தான் இருக்கிறது. படம் கீறிய தங்கச்சி எங்கள் ஊர்தான், சித்திரப் பாடம் படிப்பிக்கிறவள், எட்டு மாதம் மாலை மாலையாக வந்திருந்து கீறினாள், கூலி என்று ஒரு சதமும் வாங்கவில்லை. முதல் படங்களை அச்சுக்கு முன்னால் வகுப்பில் காட்டினேன். பின் வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை, எழும்பி வந்து ஆட்டின் வாயில் விரலை வைத்து, "ரீச்சர், ஆட்டுக்கு மேலால முன்பல்லு இல்லை" என்றாள். வீட்டில் ஆடு வளர்க்கிறவர்கள். உண்மைதான், ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல் தாடையில் முன்பல் கிடையாது, முரசு (ஈறு) மட்டும்தான், நாங்கள் இரண்டு பெரியவர்களும் சிரிக்கிற ஆடு வேண்டும் என்று வரிசையாகப் பல் வைத்திருந்தோம். தங்கச்சி நாலு பக்கத்தைத் திரும்பவும் கீறினாள். அந்தப் பிள்ளை இப்போது வகுப்பில் எல்லாக் கதைப்புத்தகத்தையும் பிழை பிடிக்கிற கண்ணோடு பார்க்கிறாள், அதைக் காணக் காண எனக்குச் சந்தோசம். அதனால் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஓவியரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். இன்னொன்று, கடைசிச் சுற்றுக்கு வரும் நூல்களை ஏதாவது ஒரு ஆரம்பப் பாடசாலையில் ஒரு கிழமை வைத்துவிட்டு, எந்தப் புத்தகம் கூடக் கசங்கியிருக்கிறது என்று பாருங்கள். முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும், ஆனால் அந்தக் கசங்கலையும் ஒரு கருத்தாக எடுங்கள்.

செலவைப் பற்றிக் கன கதை இல்லை. 2022 க்குப் பிறகு கடதாசி விலை எங்கே போனது என்று கொப்பி வாங்குகிற எல்லோருக்கும் தெரியும், நிறத்தில் அச்சிடுவதென்றால் இன்னும் மேலே. 500 பிரதிக்குக் காப்பை அடகு வைத்தேன். உங்கள் பரிசுப் பணத்தில் காப்பை மீட்டுவிட்டேன், மிச்சத்தில் இரண்டாவது கதைக்குக் கடதாசி வாங்கி வைத்திருக்கிறேன். விருதால் பணமா கிடைக்கப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான், எனக்கு அடுத்த புத்தகத்துக்கான கடதாசி கிடைத்தது.

முதல் பிரதியை அப்பா சைக்கிளில் கொண்டுபோய் யாழ்ப்பாணப் பொது நூலகத்துச் சிறுவர் பகுதியில் கொடுத்தார். அவர் பெடியனாக இருந்த காலத்தில் அங்கேதான் இருந்து வாசித்தவர். 1981 ஜூன் முதலாம் திகதி காலை, ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து வீட்டில் யாரும் புத்தகத்தை முதுகுப் பக்கம் மடித்துப் பிடித்தால் ஏச்சுத்தான், சமையல் புத்தகமாக இருந்தாலும். நான் எழுதிய ஒன்று அந்தக் கட்டடத்தின் தட்டில் இருப்பது அவருக்கு என்னவென்று என்னால் சொல்ல ஏலாது. மெல்லிய புத்தகம்தானே, மற்றதுகளுக்குள்ளே மறைந்துபோகும் என்று, முகப்பு வெளியில் தெரிய வைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாராம்.

பிள்ளைகளுக்கு எழுதுவது இந்த ஊரில் புதுப் பழக்கமும் இல்லை. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் இருந்துகொண்டு பாலபாடம் அச்சிடத் தொடங்கியது 1850 வாக்கில். நவாலியூர் சோமசுந்தரப் புலவர், 1953 இல் மறைந்தவர், ஆடிப்பிறப்புக்குப் பாடிய பாட்டு இன்றைக்கும் ஆடி முதலாம் திகதி ஆரம்பப் பிரிவுகளில் கேட்கும், கூழும் கொழுக்கட்டையும் இங்கே எப்படி வீட்டில் ஆகுமோ அப்படியே அதில் இருப்பதால்தான் பிள்ளைகள் அதை விடவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கடைக்குப் போனால், புத்தகத் தட்டில் பாதிக்கு மேல் பயிற்சி வினாத்தாள் தொகுப்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரைக்கும் கதைப்புத்தகத்தை அலுமாரியில் பூட்டி வைக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். "ரீச்சர், கதை வாசிச்சா ஸ்கொலசிப்புக்குப் புள்ளி வருமோ" என்று போன வருடம் என்னிடம் நேரே கேட்ட ஒரு தகப்பன், பத்திரிகையில் பரிசுச் செய்தி வந்த மறுநாள் காலை படலையில் வந்து நின்று, இரண்டு பிரதி வேண்டும், ஒன்று மகனுக்கு, மற்றது தமக்கையின் பிள்ளைக்கு என்றார். நான் பத்து வருடம் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிச் செய்ய முடியாததை உங்கள் பரிசு ஒரு நாளில் செய்தது. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் மேடையில் தொண்டை அடைத்தது.

அப்புறம், நெடுந்தீவுக்குப் போனதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை. போன சனிக்கிழமை 30 பிரதியைக் கட்டிக்கொண்டு, குறிகாட்டுவானில் படகு ஏறிப் போனேன், அங்கே ஒரு பாடசாலையில் என்னோடு கலாசாலையில் படித்தவள் படிப்பிக்கிறாள், சனி என்றும் பாராமல் பிள்ளைகளைக் கூட்டி வைத்திருந்தாள். நெடுந்தீவில் வேலி முருகைக்கல். சாந்தில்லாமல் கல்லைக் கல்லுக்கு மேலே அடுக்கி வைத்த வேலி. கதையை வாசித்து முடித்தவுடன் நாலாம் வகுப்புப் பெடியன் ஒருவன், "எங்கட வேலியில பொட்டு இல்லை ரீச்சர், ஆடு ஏறித்தான் போகும், ஏறேக்குள்ள கல்லு விழும், விழுந்தா அப்பா என்னைத்தான் அடுக்கச் சொல்லுவார்" என்றான். அப்படியென்றால் அதை நீதான் எழுதவேண்டும், எனக்குத் தெரியாது என்றேன். பின்னேரம் படகுக்கு வெளிக்கிடுகிற நேரம் ஓடி வந்து, கொப்பியில் இருந்து கிழித்த மூன்று தாளைக் கையில் வைத்தான். எழுத்துப்பிழை இருக்கிறது, கடைசித் தாளில் ஆட்டின் படமும் இருக்கிறது, மேல் முன்பல் இல்லாமல் சரியாகக் கீறியிருக்கிறான்.

விருது வாங்கியவள் என்ற உரிமையில் உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு வருடமும் பரிசு பெறும் நூலில் கொஞ்சப் பிரதிகளை நீங்களே விலைக்கு எடுத்துத் தீவகத்துக்கும் வன்னிக்கும் அனுப்புங்கள். போகும்போது எழுதியவரையும் கீறியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், படகுக்காசை நாங்கள் போடுகிறோம். கொப்பியில் எழுதி வைத்திருக்கிற என் சிநேகிதர்களுக்கும் சொல்கிறேன், அலுமாரியைத் திறந்து ஒரு பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள், அந்தப் பிள்ளை எங்கே சிரிக்கிறது, எங்கே கொட்டாவி விடுகிறது என்று குறித்து வையுங்கள், அடுத்த முறை விண்ணப்பம் கேட்கும்போது போடுங்கள். உங்கள் ஊர்ச் சொல்லை மாற்றவேண்டாம். மாற்றாமல் போட்டதற்குத்தான் எனக்குப் பரிசு தந்தார்கள்.

அந்த மூன்று தாளின் நிழற்பிரதியை உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். போட்டிக்கு இல்லை, நீங்கள் வாசிக்க. அது இப்படித் தொடங்குகிறது: "எங்கட ஆட்டுக்கு வேலி எண்டா மலை."

அன்போடும் நன்றியோடும்,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருத்தி,
வலிகாமம், யாழ்ப்பாணம்.