நிலம் முழுக்க மிளகு வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உன் நலத்தை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். மிளகு விலை ஏறியிருக்கிறதே, ஓடைக்கு அப்பால் கிடக்கும் நிலம் முழுக்க மிளகே போட்டால் என்ன என்று அவளிடம் கேட்டாயாம். என்னிடமே கேட்டிருக்கலாம். பரவாயில்லை, கேட்காமலே சொல்கிறேன்: வேண்டாம்.

ஜப்பானில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் லாபம்தான் தெரியும். பிரேசிலில் இருக்கும் நம் டோமே-அசூவின் கணக்கு வேறு. 1929-இல் ஜப்பானிலிருந்து இங்கே குடியேற வந்தவர்கள் முதலில் கோகோ போட்டுத் தோற்றார்கள். மலேரியா பலரை ஊரை விட்டே விரட்டியது. 1933-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த 20 மிளகு நாற்றுகளில் பிழைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. போருக்குப் பின் தென்கிழக்காசியத் தோட்டங்கள் பாழாகிக் கிடந்ததால் இங்கே மிளகு 'கறுப்பு வைரம்' ஆனது. 1959-இல் நம்மூர் அகாரா நகராட்சியிலிருந்து பிரிந்து தனி நகராட்சியானதும் அந்தச் செழிப்பில்தான். ஆனால் அத்தனை தோட்டமும் அந்தச் சில கொடிகளை வெட்டி வெட்டி நட்டுப் பெருக்கியது. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வந்தது.

அந்த ஃபியூசேரியம் பூஞ்சை நோயை நீ மறந்திருக்க மாட்டாய். இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கும்போது கீழே வேர் அழுகி முடிந்திருக்கும். அதற்கு மேல் மருந்து இல்லை; பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். தண்ணீர் தேங்கும் பள்ளம், நோய்க்கொடியில் வெட்டிய நாற்று, அடுத்த தோட்டத்து மண் ஒட்டிய மண்வெட்டி, இதில் ஒன்று போதும். இந்த மண்ணில் கொடி ஏழெட்டு வருஷம் நின்றாலே பெரிது.

மிளகே வேண்டாம் என்று சொல்லவில்லை, முழுக்க வேண்டாம் என்கிறேன். மிளகை முதலில் வை. இரண்டரை மீட்டருக்கு ஒரு கம்பம். கம்பம் மூன்று மீட்டர், அதில் அரை மீட்டர் மண்ணுக்குள். மரக்கம்பத்துக்குப் பதில் கொடி படர உயிருள்ள கிளைரிசிடியா மரமே வைக்கலாம். ஆனால் அதை முன்பே நட்டு வேர்பிடிக்க விட வேண்டும், கிளையைத் தவறாமல் கழிக்க வேண்டும். விட்டால் நிழல் மூடிக் காய்ப்பு குறையும். முதல் வருஷம் இடையில் காராமணி. அப்புறம் வாழை, வாழை நிழலில் கோகோ. மிளகு ஓயும் நேரத்துக்குக் கோகோ காய்த்துவிடும். உயரத்துக்கு அந்திரோபா மரம், ஈரமான ஓரத்தில் அசாயிப் பனை. எண்ணெய்ப்பனையும் ஒற்றைப் பயிர்தான். அந்தப் பேச்சையும் அக்காவிடம் எடுக்காதே.

கோகோவை மரப்பெட்டியில் ஐந்து முதல் ஏழு நாள் புளிக்கவிட்டு, நடுவில் கிளறிக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு மூன்றாம் நாளே வெயிலில் கொட்டினால் துவர்ப்பு போகாது. 2019-இல் நம் கோகோவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நீ அங்கே வாங்கும் சாக்லேட்டில் நம்மூர்க் கொட்டை இருந்தாலும் இருக்கும். மிளகுக்கும் அதே கவனம் வேண்டும். வெறுந்தரையில் காயவைத்து அதன்மேல் கோழி நடந்தால் சால்மொனெல்லா கிருமி ஒட்டும். ஐரோப்பாவில் சரக்கை இறக்கவே விடமாட்டார்கள். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும். அக்கா ஒருத்தியாக எவ்வளவு ஓடுவாள்? குறையாகச் சொல்லவில்லை. நீ அனுப்பும் பணம் சரியாக வருகிறது.

ஜனவரி மழையில் நடவேண்டுமானால், மண் புளிப்பு என்பதால் முன்கூட்டியே சுண்ணாம்பு இட்டாக வேண்டும். ஹெக்டேருக்கு 1,600 கொடி பிடிக்கும். நீயே நின்று பார்ப்பதானால் 500 போடலாம். பணம் மட்டும்தான் வரும் என்றால் மிளகே வேண்டாம், கோகோவும் அசாயியும் போதும். எத்தனை கம்பத்துக்குச் சொல்லிவைக்க என்று எழுது. அக்காவுக்கு வேண்டாம், எனக்கு எழுது.

அப்பா