பாம்பனுக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது

அன்புள்ள கயல்,

உன் நாவலின் ஏழு அத்தியாயங்களையும் அச்செடுத்துப் படித்தேன். பென்சில் குறிப்புகளோடு பிரதி தபாலில் வருகிறது. ஓரத்தில் எழுத இடம் போதாதவை மட்டும் இங்கே.

பதினைந்தாயிரம் சொல்லில் நின்றுவிட்டது என்கிறாய். முதல் நாவல் பெரும்பாலும் அங்கேதான் முரண்டு பிடிக்கும். ஊரும் ஆட்களும் அறிமுகமாகியிருப்பார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருக்காது. உன் செல்லம்மாளுக்குத் தலைமன்னார் போன புருஷன் திரும்பணுமா, திரும்பாமலே இருக்கணுமா? அதை முடிவு செய்யாமல் முதல் அத்தியாயத்தைப் பத்தாவது தடவை இழைத்துக்கொண்டிருக்காதே. கடைசியில் வெட்டுப்படுவது பெரும்பாலும் அதுதான்.

ஆபீஸ் கிளம்புமுன் 500 சொல், வாரம் 5 நாள். 20 வாரத்தில் 50,000 வந்துவிடும். அச்சில் 200 பக்கத்துக்கு மேல். நடுவில் ஏதாவது விவரம் தெரியவில்லையா, மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டிப் போ. சனிக்கிழமை மொத்தமாகத் தேடிக்கொள்ளலாம். அன்றைய எழுத்தைக் காட்சி முடிகிற இடத்தில் நிறுத்தாதே. ஒருத்தி கேள்வி கேட்டு, மற்றவள் வாய் திறக்குமுன் நிறுத்து. மறுநாள் வெற்றுத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. கோப்பைத் தினமும் தேதி போட்டுத் தனியாகச் சேமி. ஒற்றெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

காலம்தான் உன்னை நிறைய இடத்தில் கவிழ்த்திருக்கிறது. 1964-ல் மண்டபத்திலிருந்து செல்லம்மாளை பஸ்ஸில் ராமேஸ்வரம் அனுப்பியிருக்கிறாய். பாம்பனில் சாலைப் பாலம் திறந்ததே 1988-ல்தான்; அவள் ரயில் ஏற வேண்டும். ‘தமிழ்நாடு அரசு’ என்று பலகை தொங்குகிறது. அந்தப் பெயர் வந்தது 1969-ல். கலெக்டரைப் பார்க்க ராமநாதபுரம் போகிறார்கள். அப்போது அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் மதுரையில் இருந்தது. தனுஷ்கோடியில் புயலடித்த டிசம்பர் 22 ராத்திரியை அமாவாசை என்று எழுதியிருக்கிறாய். பௌர்ணமி கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இருட்டு வேண்டுமென்றால் மேகத்தைக் கொண்டுவா.

இதற்கு ஒரே மருந்து, நீளத் தாளில் ஒரு கட்டம். இடது ஓரத்தில் மாதம், மேலே ஆட்களின் பெயர், கட்டத்துக்குள் அந்த மாதம் அவர்களின் வயதும் இருக்கிற இடமும். இரண்டாம் அத்தியாயத்தில் பத்து வயதாக இருந்த பையன், ஆறு மாதக் கதை ஓடியதும் பதின்மூன்று ஆகிவிட்டான். கட்டம் இருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும்.

பேச்சுக்கும் அதேபோல ஒரு தாள். மாமியார் முதலில் ‘அவுக வந்தாக’ என்கிறாள், ஆறாம் அத்தியாயத்தில் ‘அவங்க வந்தாங்க’ என்று மெட்ராஸ்காரி ஆகிவிடுகிறாள். ஆளுக்குப் பத்து சொல் குறித்து வைத்துக்கொண்டு, வசனத்தை வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்குகிற இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

அந்த 1964-ன் குரோதி வருஷப் பஞ்சாங்கம் பரணில் கிடக்கிறது. மார்கழிப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸப்பில் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா